ஜன்னலுக்கு நேராக ஒரு நடை

டிரைவர் மாமாவின் தொப்பையைக் கரைக்க எங்கள் ரோடே ஒன்றுகூடிப் பாடுபட்டது. அவருடைய நெஞ்சைக் கெடுக்கப் பார்த்ததும் அதே ரோடு, அதே ஆட்கள்தான். கெட்ட எண்ணம் ஒருத்தருக்கும் கிடையாது. அவர் மேல் எல்லாருக்கும் அவ்வளவு பிரியம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன், என் வாய் அப்படி.

எங்கள் கட்டடம் பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. கீழே என் கடை. நூல், பட்டன், ஊக்கு, ஜிப், லேஸ். மாடியில் அக்காவின் தையல் கடை. கூடப் பிறந்தவள் இல்லை. பதினோரு வருஷமாக ஒரே மாடிப்படியைப் பெருக்குகிறவர்கள் வேறு என்ன முறை வைத்துக் கூப்பிடுவது? அவள் அக்கா என்றால் அவள் புருஷன் மாமா. மாமா இருபத்திரண்டு வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறார். எங்கள் நிறுத்தத்தில் நிற்கும்போது ஹாரனை இரண்டு தட்டுத் தட்டுவார். மேலே மெஷின் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி ஓடும். பகல் முழுக்க அவர்கள் இருவரும் நடத்தும் குடும்பம் அவ்வளவுதான்.

டிப்போவில் டிரைவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை உடம்புப் பரிசோதனை உண்டு. இந்தத் தடவை டாக்டர் மாமாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு, "ஸ்டியரிங்கைக் கையாலதான் திருப்புறீங்களா?" என்று கேட்டாராம். ஆறு வாரத்தில் நாலு கிலோ குறைய வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங் கிடையாது. டிப்போ வாசலில் நாற்காலி போட்டு, எந்த வண்டி எப்போது போனது, எப்போது வந்தது என்று எழுதும் வேலை.

"ஓட்டுறவனை உக்கார வெச்சு, ஓடுறதை எழுதச் சொன்னா எப்படி இருக்கும் நூல்காரி?" என்று மாமா என் கடைப் படியில் உட்கார்ந்து கேட்டார். என் பெயர் அவருக்குத் தெரியும், ஆனாலும் நூல்காரிதான். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. சின்ன வயதில் மாமாவுக்கு மூச்சிழுப்பு வந்திருக்கிறது. அதனால் அங்கே இருந்த நர்ஸம்மா ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்தார். கையகலம் இருக்கும். ஓரத்தில் எண்கள், நடுவில் நகரும் சிவப்பு முள். மூச்சை நிறைய இழுத்து ஒரே ஊது ஊதினால் முள் ஓடிப்போய் ஓர் எண்ணில் நிற்கும். தினம் காலையில் மூன்று தடவை ஊதி, பெரிய எண்ணை எழுதிவைக்க வேண்டும். பரிசோதனை அன்றைக்கு நானூறுக்குக் கீழே போனால் அதற்கும் ஸ்டியரிங் போய்விடும். மாமா அன்றைக்கு நானூற்று நாற்பது ஊதினார். அதனால் குழாயைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. எல்லார் கண்ணும் வயிற்றின் மேல்தான்.

முதல் வாரம் அக்கா அவரைத் தண்ணீர்த்தொட்டித் தெருவுக்கு அனுப்பினாள். ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு பக்கம் பள்ளிக்கூடத்து மதில், இன்னொரு பக்கம் வரிசையாக மரம், கோடியில் உயரத்தில் தண்ணீர்த்தொட்டி. மூன்றாம் நாள் பட்டன் தைத்த சட்டை ஒன்றைக் கொடுக்கப் போன அக்கா, அந்தத் தெரு முனை டீக்கடையில் மாமாவைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். அவர் கையில் இருந்தது க்ரீம் பன்.

"ஒரு கடிதாம்மா கடிச்சேன்" என்றாராம்.

"ஒரு கடியா? பன்னு பாதியைக் காணோம். உங்க வாய் என்ன பஸ் டிப்போவா?"

அன்றோடு தண்ணீர்த்தொட்டித் தெரு ரத்தானது. இனிமேல் நடை என் கண் முன்னால் என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை, எங்கள் கட்டடத்துக்கு முன்னால், தபால் பெட்டியிலிருந்து பெட்ரோல் பங்க் வரை போய்த் திரும்ப வேண்டும். பத்துச் சுற்று. மாடி ஜன்னலிலிருந்து அவள் பார்ப்பாள்.

அந்த ஜன்னலை அவள் வருஷக்கணக்கில் திறந்ததே இல்லை. திறந்தால் வெள்ளைத் துணியில் கரி படியும். எத்தனையோ சட்டைகளை மறுபடி துவைத்துக் கொடுத்து நொந்துபோனவள். இப்போது மாமாவுக்காகத் திறந்தாள். மெஷினை இழுத்து ஜன்னல் ஓரத்தில் போட்டாள். காலால் மிதித்துக்கொண்டே கழுத்தை நீட்டிக் கீழே பார்ப்பாள். மாமாவின் கால் தளர்ந்தால் கத்தரிக்கோலால் ஜன்னல் கம்பியில் டங் டங் என்று இரண்டு தட்டு. வேகம் என்று அர்த்தம். மாமா ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார், பிறகு கையை வீசி நடப்பார்.

என் பங்குக்கு நான் சுற்று எண்ணினேன். ஒரு சுற்று முடிந்தால் ஒரு பட்டனைக் கிண்ணத்தில் போடுவேன். ஏமாற்ற முடியாது பாருங்கள்.

டிப்போக்காரர்களின் பங்கு இதைவிடப் பெரிது. ஆறு மணிக்கு ரோடு எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. பஸ்ஸுக்குப் பின்னால் பஸ், நடுவில் லாரி, இடுக்கில் எல்லாம் பைக். அதில் தன் வண்டி மாமாவுக்குப் பக்கத்தில் வந்ததும் ஒவ்வொரு டிரைவரும் வேகத்தைக் குறைப்பார். "அண்ணே, டிக்கெட் எடுத்தாச்சா?" "அண்ணே, முன்னாடி போங்க, உள்ள எடம் இருக்கு." விசில் என்று ஒரு கண்டக்டர். மாமாவோடு ஒன்பது வருஷம் ஒரே வண்டியில் இருந்தவர். விரலை வாயில் வைத்து அவர் ஒரு விசில் அடித்தால் வண்டி அப்படியே நின்றுவிடும். எஞ்சின் மட்டும் நிற்காது. தடதடவென்று புகையைக் கக்கிக்கொண்டு நிற்க, விசில் படியில் தொங்கியபடி, "அண்ணே, வயிறு போன வாரம் எனக்கு முன்னாடி வந்துச்சு, இப்ப கூடவே வருது" என்பார். மாமா சிரித்து, மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொல்வார். பஸ்ஸில் இருப்பவர்கள்கூடக் கையசைப்பார்கள். ரோட்டில் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அளவெடுப்பு. அக்காவிடம் ஒரு நீள நோட்டு உண்டு. பக்கத்துக்கு ஓர் ஆள். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம். பதினோரு வருஷத்துப் வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள், என் அளவுகூட இருக்கிறது. மாமாவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினாள். டேப்பை வயிற்றில் சுற்றி, மாமா மூச்சை உள்ளே இழுத்தால் தொடையில் ஒரு அடி கொடுத்து, உண்மையான அளவை எழுதுவாள். பக்கத்திலேயே அன்றன்றைய ஊதின எண்.

இடுப்பு நாற்பத்திரண்டில் ஆரம்பித்து நாற்பத்தொன்றரை, நாற்பத்தொன்று என்று இறங்கியது. அக்காவுக்கு வாயெல்லாம் பல். ஊதின எண்ணும் இறங்கியது. நானூற்று நாற்பது, நானூற்று முப்பது, நானூற்றுப் பத்து. நாலாவது வாரம் முந்நூற்றுத் தொண்ணூறு.

"சரியா ஊதுங்க" என்றாள் அக்கா.

"ஊதினேனே."

"கன்னத்தை உப்பிக்கிட்டு ஊதுற மாதிரி நடிக்கிறீங்க. நடைக்கு லீவு கேட்டு நாடகமா?"

மாமா மறுபடி ஊதினார். முந்நூற்று எண்பத்தைந்து. ஊதி முடித்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. அப்போதெல்லாம் அந்த இருமல் அடிக்கடி வந்தது. சாயங்காலம் ஏழாவது சுற்றில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மேலே டங் டங். மறுபடி நடப்பார். ஒரு நாள் எட்டாவது பட்டனோடு என் படியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு விசில் மாதிரி கீச்சிட்டது எனக்கே கேட்டது.

"மாமா, அக்காவைக் கூப்பிடவா?"

"வேணாம். அவளுக்குத் தெரிய வேணாம். பயந்துருவா." நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "டிப்போ கேட்டுக்கு அனுப்பிருவாங்களா நூல்காரி?" என்றார்.

இரண்டு பட்டனைக் கள்ளத்தனமாகக் கிண்ணத்தில் போட்டுப் பத்தாக்கி அனுப்பிவைத்தேன்.

துணி வெட்டுகிறவள் கண்ணுக்கு நூலிழை கோணலாகப் போனாலும் தெரிந்துவிடும். மறுநாள் மத்தியானம், சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டே, சாப்பிடாமல் அந்த நோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள் அக்கா. என்னை அருகில் கூப்பிட்டாள்.

"இங்க பாரு. ஒவ்வொரு புதன்கிழமை காலைலயும் எண்ணு ஏறியிருக்கு. பதினஞ்சு, இருபது. வியாழக்கிழமை திரும்ப இறங்கிடுது."

"புதன்ல என்னக்கா இருக்கு?"

"புதன்ல ஒண்ணும் இல்லடி. செவ்வாய்ல இருக்கு. செவ்வாய் நம்ம கடை லீவு. நான் ஜன்னல்ல இல்ல. இந்த மனுஷன் ரோட்டுக்கே போறதில்ல. எங்கயோ உக்காந்து பன்னு தின்னுட்டு, ரோட்டுலதான் நடந்தேன்னு சொல்றாரு. நடக்காத அன்னிக்கு மூச்சு நல்லாருக்கு, நடக்குற அன்னிக்குக் கெட்டுப்போகுதாம். கேக்குறவ கேனச்சின்னு நெனப்பு."

அடுத்த செவ்வாய் அவரைப் பிடிப்பது என்று முடிவானது. துணைக்கு நான். வேலிக்கு ஓணான் சாட்சி.

வெயில் இறங்கிக் காற்று கொஞ்சம் குளிர்ந்த நேரம். மாமா வீட்டைவிட்டுக் கிளம்பினார். நாங்கள் பின்னால். ரோட்டைத் தாண்டி, மருந்துக்கடைச் சந்துக்குள் நுழைந்து, தண்ணீர்த்தொட்டித் தெருவுக்குப் போனார். "பாத்தியா, பன்னு வாசனை இழுத்துக்கிட்டுப் போகுது" என்று அக்கா பல்லைக் கடித்தாள். சந்தில் பாதி தூரத்தில் நின்று செருப்பு வாரைச் சரி செய்தாள். வார் சரியாகத்தான் இருந்தது. அப்போது நான் அதைக் கவனித்தேனே ஒழிய யோசிக்கவில்லை.

மாமா டீக்கடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போனார். மதில் ஓரமாக, மர நிழலில், தொட்டி வரை போய்த் திரும்பினார். கையை வீசி, வாயை மூடிக்கொண்டு, நல்ல வேகம். மதிலுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று நான் எண்ணினேன். பத்து ஆனது. பன்னிரண்டு ஆனது. பதினாலாவது சுற்றில் அக்காவால் பொறுக்க முடியவில்லை. குறுக்கே போய் நின்றாள்.

மாமா திடுக்கிட்டு, "நான் பன்னு சாப்பிடலம்மா" என்றார். முதல் வார்த்தையே அதுதான்.

"இங்க குதிரை மாதிரி பதினாலு சுத்து நடக்குறீங்க. அங்க எட்டுக்கே கம்பத்தைக் கட்டிப் பிடிக்கிறீங்க. என்னதான் நடக்குது?"

"தெரியல. இங்க நெஞ்சு அடைக்கல. அங்க ஆறாவது சுத்துலயே எரியுது."

"எரியுதுன்னா வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? எதுக்கு அங்க வந்து நடந்தீங்க?"

மாமா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

"அங்க நடந்தா நீ ஜன்னல்ல தெரிவ" என்றார். "நீ டங்குனு தட்டுவ, நான் அண்ணாந்து பாப்பேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல, ஒரு மணி நேரம் முழுசா நீ என்னையே பாத்துக்கிட்டு இருந்தது இப்பதான். அதைப் போய் எப்படி வேணாம்னு சொல்றது?"

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "லூசு மனுஷா" என்றாள்.

மறுநாளே குழாயையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு நர்ஸம்மாவிடம் போனோம். அவர் இரண்டு வரிசை எண்ணையும் பார்த்தார். எங்கே நடக்கிறீர்கள், எத்தனை மணிக்கு என்று கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மாமா முந்திக்கொண்டு, "இருபத்திரெண்டு வருஷமா அதே ரோட்டுலதாங்க வண்டி ஓட்டுறேன். இல்லாத புகையா?" என்றார்.

"அது உக்காந்துக்கிட்டு வாங்கின புகைங்க. சும்மா உக்காந்திருந்தா ஒரு நிமிஷத்துக்கு ஒரு சின்னக் குடம் காத்து போதும் உடம்புக்கு. வேகமா நடந்தா நாலஞ்சு குடம் கேக்கும். குடத்துல என்ன கலந்திருக்கோ அதுவும் நாலஞ்சு மடங்கு உள்ள போகும். போதாததுக்கு மூச்சு வாங்கினா வாயைத் திறந்துருவோம். மூக்குன்னா தூசியை ஓரளவு வடிகட்டும், வாய் வடிகட்டாது. நடந்துக்கிட்டே கதை வேற பேசுனீங்கன்னா சொல்லவே வேணாம். நேரா அடி நெஞ்சு வரைக்கும் போகும்."

"அப்ப நடக்க வேணாமா?" என்று அக்கா கேட்டாள்.

"நல்லா நடக்கட்டும். நடையில ஒரு தப்பும் இல்ல. இடமும் நேரமும்தான் தப்பு. காலைல வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி, அந்தத் தொட்டித் தெருவுல நடக்கட்டும்."

திரும்பி வந்ததும் அக்கா கடைப் படியில் நின்று, "நானே தட்டித் தட்டி அவரைப் புகையைக் குடிக்க வெச்சிருக்கேன்" என்றாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். நான் கிண்ணத்தில் கிடந்த பட்டன்களை எடுத்து டப்பாவில் கொட்டினேன். எனக்கும்தான் வெட்கமாக இருந்தது.

விசிலுக்குச் சேதி போனது. அவர் டிப்போவில் என்ன பேசினாரோ தெரியாது, அடுத்த நாளிலிருந்து எங்கள் நிறுத்தத்தில் கதை பேச நிற்கிற டிரைவர் முதலில் எஞ்சினை அணைத்தார். பாக்கி இருந்த பத்து நாளும் மாமா விடியற்காலையில் தொட்டித் தெருவில் நடந்தார். வெள்ளரிக்காயும் வேகவைத்த முட்டையும் சாப்பிட்டு, பன்னுக் கனவு கண்டு, ஊதினார். முந்நூற்றுத் தொண்ணூறு. நானூறு. நானூற்றுப் பதினைந்து.

பரிசோதனை அன்று அக்காவால் மெஷினில் உட்கார முடியவில்லை. ஒரு காலர் தைத்துப் பிரித்து, மறுபடி தைத்துப் பிரித்தாள். மூன்று மணிக்கு ரோட்டில் ஒரு பஸ் வந்தது. ஹாரன் இரண்டு தட்டு. எங்கள் நிறுத்தமே இல்லாத தடத்து வண்டி அது, மாமா அந்த டிரைவரிடம் கேட்டு அடிக்கச் சொல்லியிருக்கிறார். பின்படியிலிருந்து அவர் இறங்கினார். நாலு கிலோ இருநூறு கிராம் குறைந்திருந்தது. ஊதினது நானூற்று முப்பது. ஸ்டியரிங் அவருக்குத்தான்.

சாயங்காலம் மாடியில் டீ போட்டோம். விசில் லீவு போட்டுவிட்டு க்ரீம் பன் வாங்கிக்கொண்டு வந்தார். அதை அக்கா நாலாக வெட்டி மாமாவுக்கு ஒரு கால் கொடுத்தாள். சந்தோஷத்தில் குழாய் கைமாறியது. விசில் ஊதி ஐந்நூறைத் தாண்டி, "விசிலடிச்ச நெஞ்சுங்க இது" என்று மார்தட்டினார். நான் முந்நூற்று ஐம்பது. "உன் வாய்க்கு இது கம்மி" என்றார் மாமா.

"அண்ணி, நீங்க ஒரு ஊது" என்றார் விசில்.

"எனக்கெதுக்கு? நான் என்ன பஸ்ஸா ஓட்டப் போறேன்?"

விடவில்லை நாங்கள். சிரித்துக்கொண்டே வாங்கி ஊதினாள். முள் கொஞ்ச தூரம் ஓடி நின்றது. இருநூற்று நாற்பது.

"வாயை நல்லா மூடி ஊதுக்கா" என்றேன். ஊதினாள். இருநூற்று முப்பத்தைந்து. மூன்றாவது தடவை ஊதிவிட்டு மெஷின் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸம்மா கொடுத்த அட்டை நோட்டுக்குள் இருந்தது. பெண்கள், வயது, உயரம் என்று மாமா விரலை வைத்துத் தேடினார். முந்நூற்று எழுபது இருக்க வேண்டும். எனக்கு அந்த மாடிப்படி நினைவுக்கு வந்தது. தினம் காலையில் பாதிப் படியில் நின்று சாவி தேடுவாள் அக்கா. சாவி எப்போதும் அவள் இடுப்பில்தான் தொங்கும். பதினோரு வருஷம் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் நான், பட்டன் எண்ணத் தெரிந்தவள்.

"வயசாகுதுல்ல" என்றாள் அக்கா. "நான் எங்க நடந்தேன்? உக்காந்த எடத்துலயேதான் இருந்தேன்."

மாமா குனிந்து மெஷின் மிதியை ஒரு கையால் அழுத்தினார். அது முன்னும் பின்னும் ஆடியது. மேலே சக்கரம் சுற்றியது. திறந்திருந்த ஜன்னலையும், ஜன்னல் கட்டையில் படிந்திருந்த கரியையும் பார்த்தார்.

"நான் ஒரு மணி நேரம் நடந்தேன். நீ எட்டு மணி நேரம் மிதிச்சிருக்க" என்றார். "எனக்காகத் தொறந்து வெச்ச ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு." ஜன்னல் கட்டையில் விரலைத் தேய்த்து, "இருபத்திரெண்டு வருஷமா கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டியெல்லாம் பாத்துக்கிட்டே ஓட்டுறேன். உன்னைப் பாக்கல பாரு" என்றார்.

"விடுங்க. டீ ஆறுது."

அவர் விடவில்லை. ஜன்னலைச் சாத்திக் கொண்டி போட்டார். விசிலும் அவருமாக மெஷினைத் தூக்கி, துணிக் கட்டு வைக்கும் பின்னறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு சின்ன ஜன்னல் உண்டு, தொட்டித் தெருப் பக்கம் பார்த்தது. வெளிச்சம் போதாது என்று அக்கா முணுமுணுத்தாள். விளக்குப் போட்டுத் தருகிறேன் என்றார் விசில்.

பிறகு மாமா அந்த நீள நோட்டை எடுத்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பள்ளிக்கூடத்து டீச்சர், மருந்துக்கடைக்காரர், பெட்ரோல் பங்க் முதலாளி, அவர் சம்சாரம், நான். கடைசிவரை போய்விட்டுத் திரும்ப முதலிலிருந்து புரட்டினார்.

"உன் பக்கம் எங்க?"

"எனக்கு எதுக்குங்க அளவு? என் ரவிக்கையை நான் கண்ணாலயே வெட்டிக்குவேன்."

மாமா ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து, மேலே 'வீட்டுக்காரி' என்று எழுதினார். கீழே தேதி. அதற்குப் பக்கத்தில் 240. அக்கா எட்டிப் பார்த்து, "எழுத்தைப் பாரு, கோழி கிளறின மாதிரி" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"நாளைக்கு நர்ஸம்மாகிட்ட போறோம். காலைல என்கூட நடக்குற. முதல்ல மெதுவா. வாயை மூடிக்கிட்டு."

"எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்கு."

மாமா மேஜையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துப் பின்னறை ஜன்னலுக்குப் போய்க் கம்பியில் டங் டங் என்று இரண்டு தட்டினார். அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து செருப்பைத் தேடினாள்.

"நாளைக்குத்தானே சொன்னேன்" என்றார் மாமா.

"இன்னிக்கே தொட்டி வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றாள்.

இருவரும் படியிறங்கினார்கள். பாதிப் படியில் அக்கா நின்றாள். இந்தத் தடவை சாவி தேடவில்லை. மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவரும் நின்றார்.